சூட்டை விடுங்கோ, உப்பைப் பாருங்கோ

குளிர்நாட்டை விட்டு ஊரோடு வந்து இருக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வெக்கையை எப்படித் தாங்குவாய்?" வெக்கை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் வெக்கைக்கு நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது, ஓட்டுக்கூரை இருக்கிறது, மத்தியானத்தில் படுத்து எழும்பலாம். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பழைய வீடொன்றைத் திருத்தி இருக்கலாம் என்று வருகிறவனுடைய காசையும் நேரத்தையும் தின்பது உப்புத்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பருத்தித்துறையில் அப்பப்பா கட்டிய வீட்டில் நான் செய்த, செய்வித்த வேலைகளைக் கீழே எழுதுகிறேன். ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச் என்று எங்கேயிருந்தாவது இதே எண்ணத்தோடு வெளிக்கிடுகிற ஆட்களுக்கு உதவலாம்.

நான் இருந்தது நோர்வேயின் வடகோடி, ஃபின்மார்க்கில் போட்ஸ்ஃபியூர் என்ற மீன்பிடித் துறைமுகம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் ஆட்கள் நிறையப்பேர் அந்தப் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் ஃபில்லே, அதாவது முள் நீக்கிய மீன் துண்டு, வெட்டினார்கள். பலர் பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள், நான் இயந்திரம் பராமரிக்கிற பகுதிக்கு மாறி அங்கேயே நின்றுவிட்டேன். அதுவும் கடற்கரை, அதுவும் உப்புக்காற்று, பிறகென்ன என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இரும்பு கறள் பிடிக்க உப்பு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும், சூடும் வேண்டும். காற்றின் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேலும் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலும் நிற்கிற மணித்தியாலங்களைத்தான் கறள் பிடிக்கிற நேரமாகக் கணக்கெடுப்பார்கள். அங்கே குளிர்காலத்தில் வெளியே எல்லாம் உறைந்து கிடப்பதால் அந்தக் கணக்கு ஓடாது. இங்கே அதற்கு ஓய்வே இல்லை, பகலில் கொஞ்சம் குறைந்தாலும் இரவில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

காற்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் முழு வேலைத்திட்டமும் காற்றை வைத்துத்தான் போட்டோம். பருத்தித்துறை வடக்கேயும் கிழக்கேயும் கடலைப் பார்த்த ஊர். ஐப்பசி, கார்த்திகையிலிருந்து மாசி வரை அடிக்கிற வாடை நேரே கடலிலிருந்து வரும், கற்பாரில் அலை உடைந்து எழும்புகிற தூவானத்தையும் அள்ளிக்கொண்டு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. அது தரைமேலாக வருவதால் புழுதியைக் கொண்டுவந்து குசினிக்குள் கொட்டும், ஆனால் உப்பு குறைவு. ஆகவே சுவர், பூச்சு, பெயின்ற் எல்லாம் சோளகத்துக்குள், உள்வேலைகள் வாடைக்கு என்று முதலே பிரித்துக்கொண்டோம். சோளகத்திலும் விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் பாரமான வேலையை முடிப்போம், பிறகு பின்னேரம். குளிரிலிருந்து வருகிற உடம்பு வெக்கைக்குப் பழக ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். அந்த இரண்டு கிழமைக்குள் வெயிலில் ஏணியில் ஏறி வீரம் காட்டவேண்டாம், மோரும் உப்பும் குடித்துக்கொண்டு நிழலில் நின்று மேசனுக்குக் கதை சொல்லுங்கள், அவ்வளவுதான்.

முதலில், எதைக் கொண்டுவருவது. சிப்போட் பலகையில் செய்த தளபாடம் எதையும் கொண்டுவராதீர்கள். அழுத்தி ஒட்டிய மரத்தூள்தான் அது, இந்த ஈரத்தில் இரண்டு மாரி தாங்காது. தடித்த குளிர்ச்சட்டைகளில் ஆளுக்கொன்று போதும், மற்றதெல்லாம் அலுமாரியில் பூஞ்சணம் பிடித்து நாறத்தான் போகிறது. மனுசி ஆசைப்பட்டதால் நான் கொண்டுவந்த ஒரே பெரிய பொருள் சாப்பாட்டு மேசை, நானே நோர்வேப் பைன் மரத்தில் செய்தது. குளிர்காலத்தில் சூடாக்கிய வீட்டுக்குள் காற்று காய்ந்து போய் இருக்கும், ஈரப்பதன் 25, 30 வீதம்தான், அதில் இருக்கிற மரத்துக்குள்ளே ஐந்தாறு வீதம் ஈரம் நிற்கும். அதே மரம் யாழ்ப்பாணக் காற்றில் 14, 15 வீதம் வரை குடித்துவிடும். நீளவாக்கில் மரம் அசையாது, அகலவாக்கில் ஊதும். மேசையின் மேற்பலகை 90 சென்ரிமீற்றர் அகலம், அது ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுக்கு விரியும் என்று கணக்குப் போட்டுத்தான் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே கால்சட்டத்தோடு பலகையைப் பிணைத்திருந்த திருகாணித் துளைகளை எல்லாம் நீள்துளையாக அரிந்து, அகலமான வாஷர் போட்டு, இறுக்காமல் விட்டேன். இங்கே விறாந்தையில் வைத்து, சட்டத்தில் பென்சிலால் கோடு கீறி, கிழமைக்குக் கிழமை பார்த்தோம். கணக்குக்குக் கிட்டவே வந்து நின்றது. துளை வட்டமாக இருந்திருந்தால் பலகை நடுவால் வெடித்திருக்கும், இல்லையென்றால் சட்டத்தைப் பிய்த்திருக்கும். லாச்சிகள் இறுகின, அவற்றை மார்கழியில் சீவினேன். கோடையில் இறுகினால் சீவி விடலாம், ஆனால் மாரியில் மறுபடி இறுகும். மாரியில் சீவினால் ஒருதரம் போதும், கோடையில் கொஞ்சம் லொடலொடக்கும், பரவாயில்லை.

பைன் மரம் கறையானுக்குப் பலகாரம். வெண்காரமும் போரிக் அமிலமும் சுடுதண்ணீரில் கரைத்து, பெயின்ற் படாத அடிப்பக்கம் முழுக்கத் தூரிகையால் குடிக்கக் குடிக்கப் பூசினேன். மழை படாத மரத்துக்கு இது நல்ல வேலை செய்யும், வெளியே வைத்தால் கழுவுப்பட்டுப் போய்விடும்.

மேசையை விட எனக்குப் பெறுமதியாகப்பட்டது ஒரு வாளி நிறையத் திருகாணியும் போல்ட்டும். மீன் தொழிற்சாலையில் உப்புத் தண்ணீருக்குள் நிற்கிற இயந்திரங்களுக்கு 316 ரக எவர்சில்வர்தான் போடுவோம். போல்ட்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும். கடையில் 'ஸ்ரெயின்லெஸ்' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் 304, தலையில் ஏ2. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் 316 இல் இரண்டு மூன்று வீதம் மொலிப்டினம் கலந்திருக்கிறது, உப்பு துளைக்காமல் தடுப்பது அதுதான். 304 போட்டால் உடனே உக்கிவிடாது, தேயிலைச் சாயம் போல மண்ணிறக் கறை படியத் தொடங்கும், பிறகு சின்னச் சின்னக் குழி விழும். இன்னொன்று, எவர்சில்வர் போல்ட்டை எவர்சில்வர் நட்டுக்குள் கிறீஸ் தொடாமல் மெஷினால் விரைவாக முடுக்கினால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டும். கொஞ்சம் கிறீஸ் தொட்டுக் கையால் முடுக்குங்கள். அலுமினியச் சட்டத்துக்குள் எவர்சில்வர் திருகாணி போடுகிறீர்கள் என்றால் நடுவில் நைலோன் வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் உப்பீரத்தில் அலுமினியம்தான் கரையும், வெள்ளைத் தூளாகக் கொட்டும்.

சரி, சுவருக்கு வருவோம். அதுதான் பெரிய கதை.

வீடு முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமாகச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுவர் ஒன்றரை அடிக்கு மேல் தடிப்பு. யுத்தம் முடிந்த பிறகு யாரோ நல்லெண்ணத்தில் உள்ளும் புறமும் சீமெந்து பூசி, அதற்குமேல் பளபளக்கிற பிளாஸ்டிக் பெயின்றும் அடித்துவிட்டிருந்தார்கள். நாங்கள் வந்து பார்த்தபோது நிலத்திலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு ஊதி, தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்டது. கையால் உரித்தால் அப்பளம் மாதிரி வந்தது, உள்ளே வெள்ளையாகப் பொங்கிய உப்பு.

ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டால்தான் திருத்த முடியும். நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால் மேலே ஏறுகிறது, வாடையில் வெளியிலிருந்தும் உப்பு வந்து படிகிறது. சாப்பாட்டு உப்பு இருக்கிறதே, அது ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும், அதற்குக் கீழே போனால் திரும்பவும் பளிங்காகும். யாழ்ப்பாணத்தில் இரவில் தாண்டும், பகலில் இறங்கும். அதாவது ஒவ்வொரு நாளும் சுவருக்குள் உப்பு கரைந்து, காய்ந்து, பளிங்காகி, பளிங்காகும்போது இடம் போதாமல் கல்லையும் பூச்சையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும், உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைத்து எறியலாம். சீமெந்தும் பிளாஸ்டிக் பெயின்றும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் உள்ளேயே நின்று இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் குவியும்.

மேசன் அண்ணையிடம் இதைச் சொல்லி, சுண்ணாம்பாலே பூசுவோம் என்றேன். அவர் சுவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தம்பி, உதைக் கொத்திப்போட்டு வோட்டர்புறூஃப் கலந்து நல்ல சீமெந்தாப் பூசினால் பத்து நாளில முடியும். சுண்ணாம்பெண்டால் நான் உங்கட வீட்டிலதான் படுக்கோணும்."

"அண்ணை, இப்ப கொட்டுறதும் சீமெந்துதானே?"

"அது கலவை பிழை."

"உங்கட ஐயா என்னத்தால பூசினவர்?"

அவர் சிரித்துக்கொண்டு, "அந்தக் காலத்தில சீமெந்துக்கு எங்க போறது" என்றார். அதுவும் முழுக்கச் சரியில்லை, 1950 இலேயே காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஓடத் தொடங்கிவிட்டது, எங்கள் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான். ஆனால் சண்டை பிடிக்கவில்லை. தன் தகப்பன் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் சாந்தில் விடுவார் என்று அவரே பிறகு தேநீர் நேரத்தில் தட்டைவடையைக் கடித்துக்கொண்டு சொன்னார். நாள்கூலிக்கு, அவசரமில்லாமல் என்று ஒத்துக்கொண்டார். கொந்தராத்துக்குக் கொடுத்தால் இந்த வேலை ஒருநாளும் சரிவராது, விரைவாக முடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் மூட்டைச் சீமெந்து உள்ளே வந்துவிடும்.

சீமெந்தைக் கொத்தியது முழுக்கக் கையால்தான், சின்ன உளியும் சுத்தியலும். மெஷின் போட்டால் உள்ளே இருக்கிற கல்லும் சேர்ந்து உடையும். ஈரம் தெரிந்த இடத்துக்கு மேலே இன்னும் இரண்டடி சேர்த்து எடுத்தோம். கல்லிடுக்கில் உக்கிப்போன சாந்தை ஓரங்குல ஆழத்துக்குச் சுரண்டினோம். பிறகு தும்புத் தூரிகையால் உலர்த் துடைப்பு. இதில் ஒரு முக்கியமான விசயம், தண்ணீர் அடித்துக் கழுவக்கூடாது. கழுவினால் மேலே வந்த உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். துடைத்து விழுந்த தூளைச் சாக்கில் அள்ளி வளவுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டோம், சுவரடியில் விட்டால் முதல் மழைக்கே அது திரும்பி ஏறிவிடும்.

அதற்குப் பிறகு சும்மா விட்டோம். சோளகக் காற்றில் சுவர் அம்மணமாக நின்றது. வருகிற போகிற எல்லாரும் வேலை நின்றுவிட்டதா, காசு முடிந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். காற்று காயவைக்கக் காயவைக்க உப்பு வெள்ளையாகப் பூத்தது, பூக்கப் பூக்கத் துடைத்தோம். மிக மோசமான மூலைகளுக்கு மட்டும் காகிதக்கூழ் ஒட்டினேன். பழைய பத்திரிகைகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து அரையங்குலத் தடிப்பில் சுவரில் அப்பி விட்டால், அது காயும்போது சுவருக்குள் இருக்கிற உப்பைத் தன்பக்கம் இழுக்கும், முழுதும் காய்ந்தவுடன் உரித்து எறியலாம். இழுத்ததா இல்லையா என்று கண்ணால் தெரியாது. கிணற்றுக்கென்று வாங்கிய சின்ன உப்புமானி இருந்தது, உரித்த கூழில் ஒரு பிடியை மழைத்தண்ணீரில் கரைத்து அதை விட்டுப் பார்த்தேன். முதல்தரம் அப்பியதில் எண் எகிறியது, அடுத்தடுத்து இறங்கியது, இறக்கம் நின்ற இடத்தில் நானும் நிறுத்தினேன்.

சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி வைத்திருந்தோம். சுட்ட கல்லைத் தண்ணீருக்குள் போடும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டப் போகவேண்டாம். கல்லுக்குத்தான் தண்ணீர் என்று மேலே ஊற்றாமல், தண்ணீருக்குள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுங்கள். நீறியதை வலையால் வடித்து பிளாஸ்டிக் பீப்பாவில், மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடி வைத்தால் நாள் போகப் போக வெண்ணெய்ப் பதம் வரும். மணல்தான் தலையிடி. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடும். கிட்டக் கிடைக்கிறது கடற்கரை மணல், உப்பை வெளியே எடுக்கிற வேலைக்கு உப்பு மணலையே போடுவதில் அர்த்தமில்லை. வன்னியிலிருந்து ஆற்றுமணல் எடுப்பித்தோம், வந்ததையும் உப்புமானியால் பார்த்தோம். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, கூலியாள் சலித்துப்போகுமளவுக்கு அடித்துக் குழைத்தது. கூடத் தண்ணீர் விட்டு இலகுவாக்கினால் காயும்போது வெடிக்கும்.

பூச்சு ஒரு தட்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு, அடுத்த தட்டுக்கு இரண்டு கிழமைக்குக் குறையாமல் இடைவெளி. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலிருக்கிற காபனீரொட்சைட்டை எடுத்துத் திரும்பக் கல்லாகிறது, அதற்குக் கொஞ்ச ஈரம் நிற்கவேண்டும். சோளகமோ காலை பூசியதை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடும். சாக்கை நனைத்து சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளித்தோம், இதுதான் என் முழுநேர உத்தியோகமாக இருந்தது. கடைசியில் சுண்ணாம்புப் பால், நீலம் ஒரு சொட்டுக் கலந்து, மெல்லிய தட்டுகளாக. தடித்து அடித்தால் உரியும்.

இரண்டு வாடை தாண்டிவிட்டது. அடியில் இரண்டு இடத்தில் உப்புப் பூக்கிறது, துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பால் ஒருதரம் அடிப்பேன், அரைநாள் வேலை. மேசன் அண்ணை இன்னும் நம்பவில்லை. "உங்களிட்ட நேரம் கிடக்கு தம்பி, ஊராக்களுக்கு உது சரிவராது" என்கிறார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை.

யன்னல்களுக்கு மேலே நீட்டியிருந்த கொங்கிறீற் சன்ஷேட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கம்பி கறள் பிடித்தால் அது முந்தியிருந்த இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும், கொங்கிறீற் பிளந்து விழும். விழுந்த இடத்தை மட்டும் பூசி மறைக்கிற வேலை ஆறு மாதத்துக்குத்தான். கம்பியின் பின்பக்கமும் விரல் போகிற அளவுக்கு உடைத்து, கம்பியைப் பளபளப்பாகத் தீட்டி, உப்பில்லாத மணலோடு குறைந்தது 4 சென்ரிமீற்றர் மூடுகிற மாதிரிக் கட்டினால் நிற்கும். இரண்டு தட்டுகள் திருத்தமுடியாத நிலை, வெட்டி எறிந்துவிட்டு மரச்சட்டத்தில் ஓட்டுத் தாழ்வாரம் போட்டேன். பார்க்கவும் அதுதான் அழகு.

கூரையில் பனை வளைகளும் சிலாகைகளும் வைரம் ஏறிய கறுப்புப் பனை, ஆணி இறங்காத உறுதி. சுவருக்குள் நுழைகிற முனைகளைச் சுற்றி சீமெந்து திணித்திருந்த இடங்களில் மட்டும் உக்கியிருந்தது. அவற்றை வெட்டி, சாய்வாக ஒட்டு வைத்து, ஏ4 போல்ட்டால் பிணைத்தார் ஓடாவியார். முனையைச் சுற்றி விரல் அகலத்துக்குக் காற்று இடைவெளி விட்டோம்.

குசினிக்கு மேலே அஸ்பெஸ்ரஸ் சீற் கிடந்தது. நோர்வேயில் எண்பதுகளிலேயே தடைசெய்த சாமான், இங்கே இன்னும் கூரையில் ஏறுகிறது. கழற்றுவதானால் உடைக்காமல் கழற்றவேண்டும், தூசிதான் ஆபத்து. நன்றாக நனைத்து, திருகாணியைக் கழற்றி, முழுச் சீற்றாகவே இறக்கி, பொலித்தீனில் சுற்றினோம். எல்லாருக்கும் முகமூடி. பொடியன் ஒருவன் முகமூடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றான், "தம்பி, மூக்குக்குப் போடு, இல்லாட்டி இறங்கு" என்று சொல்லவேண்டியிருந்தது.

வெக்கை விசயம் இப்போதுதான் வருகிறது. போட்ஸ்ஃபியூரில் நடுக்கோடையிலும் சூரியன் 43 பாகைக்கு மேலே ஏறாது, யன்னலால்தான் உள்ளே வரும். இங்கே சித்திரை வருசப்பிறப்பை அண்டியும் ஆவணியிலும் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், ஆகவே வெக்கை வருகிற வழி கூரை. இரண்டுக்கும் நடுவில் வைகாசி, ஆனி, ஆடியில் சூரியன் எங்களுக்கு வடக்கே போய்விடுகிறது, கடல் பக்கத்து வடக்கு விறாந்தைக்கும் வெயில் விழும். நல்ல தாழ்வாரம் இருந்தால் நடுப்பகலில் அது உள்ளே வராது. சிலாகைக்குக் கீழே அலுமினியத் தாளை மூன்று அங்குல இடைவெளி விட்டு, மினுங்குகிற பக்கம் அந்த இடைவெளியைப் பார்க்கும்படி அடித்தோம். இடைவெளி இல்லாமல் ஓட்டோடு ஒட்டினால் அது வெறும் தாள். தாழ்வாரத்தாலே காற்று ஏறி முகட்டால் வெளியேறத் திறப்பு விட்டு, அணில் புகாமல் எவர்சில்வர் வலை. நோர்வேயிலும் கூரைக்குக் கீழே இப்படிக் காற்றுக்கு வழி விடுவார்கள், அது கூரையைக் குளிராக வைத்திருந்தால்தான் பனி உருகி விளிம்பில் கட்டியாகத் தொங்காது என்பதற்காக. காரணம் வேறு, ஓட்டை ஒன்று.

ஒரு அறைக்கு மட்டும் ஏசி, மனுசியின் நிபந்தனை. குளிர்நாட்டில் வீட்டைக் கட்டுகிறபோது குளிரைத் தடுக்கச் சுவருக்குள் அடைக்கிற கம்பளிக்கு உட்பக்கமாக, அறைப்பக்கம், பிளாஸ்டிக் தாள் ஒன்று விரிப்பார்கள். உள்ளே இருக்கிற ஈரச்சூட்டுக் காற்று சுவருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகாமல் இருக்க. அதே பழக்கத்தில் இங்கேயும் உட்பக்கம் பிளாஸ்டிக் அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. இங்கே ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, அந்தத் தாளின் பின்னால் வந்து நின்று தண்ணீராகிப் பூஞ்சணம் பிடிக்கும். நாங்கள் ஒன்றும் அடிக்கவில்லை. ஏசியை 26 இல் விட்டிருக்கிறோம், மாரியில் இங்கே காற்று 24, 25 பாகையிலேயே வியர்க்கத் தொடங்குவதால் அதற்குக் கீழே இறக்கினால் யன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் அழும், சுவரும் நனையும். வெளியே நிற்கிற பெட்டியின் அலுமினியத் தகடுகளை வாடை காலத்தில் இரண்டு கிழமைக்கொருதரம் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய வேகத்தில்.

நல்ல தண்ணீர் என்று எத்தனை தரம் எழுதிவிட்டேன். கிணறு இருக்கிறது, ஆனால் குடாநாட்டில் நிலத்தடித் தண்ணீர் என்பது கடல்தண்ணீருக்கு மேலே மிதக்கிற மழைத்தண்ணீர். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை இருக்கும் என்பது பழைய கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால், பெரிய மோட்டர் போட்டு ஒரடி இறைத்து எடுத்தால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி எழும்ப வெளிக்கிடும். எங்கள் கிணறு தை மாதத்தில் நல்லாயிருக்கும், ஆவணியில் சவர். இருந்த ஒன்றரைக் குதிரைவலு மோட்டரைக் கழற்றிவிட்டு அரைக் குதிரைவலு போட்டேன், காலையில் கொஞ்சம் பின்னேரம் கொஞ்சமாக இறைத்துத் தாங்கியை நிரப்புகிறோம். உப்புமானி வாசிப்பை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன், சின்ன மோட்டருக்கு மாறிய பிறகு ஆவணிச் சவர் தெரிகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

குடிக்கவும் சுண்ணாம்பு வேலைக்கும் மழைத்தண்ணீர். நூறு சதுர மீற்றர் ஓட்டுக்கூரை, வருசத்தில் 1200 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால் ஒன்றேகால் இலட்சம் லீற்றருக்குக் கிட்ட. ஓடு குடித்தது, பீலியால் வழிந்தது எல்லாம் கழித்தாலும் ஒரு குடும்பம் வருசம் முழுக்கக் குடித்துச் சமைக்கத் தாராளம். சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், ஆகவே சேமிக்கத் தாங்கி பெரிதாக வேண்டும். முதல் மழையில் ஓட்டில் படிந்த உப்பும் காகத்தின் எச்சமும் வரும். அதை ஒதுக்க நிலைக்குத்தான பைப் ஒன்றில் அடிமூடி போட்டு முதல் தண்ணீரைப் பிடித்து விடுகிறேன், அது நிரம்பிய பிறகுதான் தாங்கிக்குப் போகும். தாங்கிக்கு நுளம்பு வலை கட்டாயம், டெங்கு பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

மின்சாரத்தில் நோர்வேக்காரனுக்கு அதிட்டம், அங்கேயும் 230 வோல்ற், இங்கேயும் 230 வோல்ற், என் துளைமெஷினும் வாளும் பிளக்கை மாத்திரம் மாற்றியவுடன் ஓடின. கனடாவிலிருந்து 120 வோல்ற் சாமான் கொண்டுவருகிற ஆட்கள் அதை அங்கேயே விற்றுவிட்டு வருவது நல்லது. ட்ரான்ஸ்போமர் போட்டாலும் 60 சைக்கிளுக்குச் செய்த மோட்டர் 50 சைக்கிளில் மெதுவாக ஓடிச் சூடாகும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதமொருதரம் அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உப்பீரத்தில் அதுவும் இறுகிப்போகும்.

இப்போது வீட்டில் நடக்கிற விவாதம் யன்னல் கம்பி. பழைய இரும்புக் கம்பிகள் நிலைச்சட்டத்துக்குள் போகிற இடத்தில் கறள் பிடித்து ஊதி, வேப்பமரச் சட்டத்தையே வெடிக்கவைத்துவிட்டன. மனுசிக்கு எவர்சில்வர் வேண்டும், நல்ல ரகத்தில் முழு வீட்டுக்கும் போட்டால் கூரைச் செலவை எட்டும். நான் கறுப்புப் பனையில் குறுக்குக் கட்டை போடலாம், கள்ளனுக்கும் அது வெட்டக் கஷ்டம் என்கிறேன். பித்தளைப் பிணைச்சல்கள் அப்பப்பா காலத்தவை, தேய்த்துவிட்டால் இன்னும் ஐம்பது வருசம் ஓடும், அவற்றில் கைவைப்பதில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே எண்ணம். ஓடாவியார் பனைக்கு விலை சொல்ல வெள்ளிக்கிழமை வருகிறார், வாடை தொடங்குவதற்குள் வடக்குப் பக்கத்து யன்னல்களையாவது முடிக்கவேண்டும்.